ஒரே பையிலிருந்து பழுதும் புதுவீடும்

பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகளைப் பற்றிய பேச்சு எப்போதும் எண்ணிக்கையில்தான் தொடங்கும். ஆண்டுக்கு எத்தனை வீடு, எந்த ஊருக்கு எவ்வளவு ஒதுக்கீடு. கட்டடக்கலைத் துறையினரான நமக்கு இது வசதியான பேச்சு. புதுக் கட்டடத்துக்கு வரைபடம் உண்டு, அடிக்கல் உண்டு, சில சமயம் விருதும் உண்டு. நாற்பது வருடமாக நிற்கும் வீட்டில் கசியும் குழாய்க்கு இவை எதுவும் கிடையாது. ஆனால் இங்கிலாந்தின் கவுன்சில்கள் கையில் இன்று இருக்கும் ஏறக்குறைய 16 லட்சம் வீடுகளின் நிலைமைதான், இனி எத்தனை வீடு கட்ட முடியும் என்பதை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் பணம் ஒரே பையிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

அந்தப் பை, கவுன்சிலின் வீட்டுவசதி வருவாய்க் கணக்கு. வாடகை அதில் விழும். பழுதுபார்ப்பு, நிர்வாகம், கடன் வட்டி எல்லாம் அதிலிருந்தே போகும். அதிலிருப்பதை எடுத்துச் சாலை போட முடியாது. 2012இல் இக்கணக்கைக் கவுன்சில்களே நடத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கடனில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள், வாடகை முழுவதும் உங்களுக்கே, முப்பது ஆண்டுக்குத் திட்டமிடுங்கள் என்றது அரசு. திட்டத்தின் மை உலருமுன், 2016 முதல் ஆண்டுக்கு 1 விழுக்காடு வீதம் நான்கு ஆண்டுகள் வாடகையைக் குறைக்க வேண்டும் என்று சட்டமும் போட்டது. சொந்தப் பணத்தில் வாடகை கட்டியவர்களுக்கு அது உதவியது, மறுப்பதற்கில்லை. வாடகையை அரசு உதவித்தொகை ஈடுகட்டிய வீடுகளில் மிச்சம் கருவூலத்துக்கே திரும்பியது. முப்பது ஆண்டுக் கணக்கில் விழுந்த ஓட்டையைக் கவுன்சில்கள் எப்படி அடைத்தன? கூரை மாற்றுவதையும் சன்னல் மாற்றுவதையும் லிஃப்ட் மாற்றுவதையும் தள்ளிப்போட்டுத்தான்.

இதற்கு முன்பே பை மெலிந்துதான் இருந்தது. மார்கரெட் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவரே வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கலாம் என்றது. அதன்பின் இங்கிலாந்தில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டன. விற்ற பணத்தை மாற்று வீடு கட்டச் செலவிடக் கவுன்சில்களுக்கு நெடுங்காலம் கடும் கட்டுப்பாடு இருந்தது. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த விற்பனையை நிறுத்திவிட்டன. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தது. கடன் வாங்குவதற்கிருந்த உச்சவரம்பு 2018இல் நீங்கியது. நல்லது, ஆனால் கடனையும் அதே வாடகையிலிருந்துதான் அடைக்க வேண்டும்.

தள்ளிப்போட்ட பழுதுக்கு ஒரு விளைவு உண்டு. எஸ்டேட் எனப்படும் கவுன்சில் குடியிருப்புத் தொகுதிக்குக் கெட்ட பெயர் வருகிறது. பெயர் கெட்டபின், சரிசெய்வதைவிட இடிப்பதே சிக்கனம் என்று ஓர் அறிக்கை வருகிறது. அந்த அறிக்கைகளை எழுதுவோர் நம்மிடையேதான் இருக்கிறார்கள். லண்டன் சதர்க்கில் 1974இல் முடிந்த ஹேகேட் எஸ்டேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. 2014க்குள் எல்லாம் தரைமட்டம். அந்த இடத்தில் முன்பைவிட அதிக வீடுகள் எழுந்தன. அவற்றில் குறைந்த சமூக வாடகைக்கு ஒதுக்கப்பட்டவை மிகச் சிறு பங்கே. வீட்டின் எண்ணிக்கை கூடியது, கவுன்சில் வாடகையில் இருந்தவருக்கான வீடு குறைந்தது. விரிவாக்கம் என்று இதைக் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. லண்டன் மேயர் 2018இல் கொண்டுவந்த விதி இந்த அனுபவங்களின் விளைவு: மேயர் அலுவலக நிதியில் எஸ்டேட்டை இடித்துக் கட்டுவதானால், பெரும்பாலும், அங்கே குடியிருப்போரின் வாக்கெடுப்பில் முதலில் வெல்ல வேண்டும். பதினாறு வயது நிரம்பியவருக்கும் வாக்கு உண்டு.

வாக்குச் சீட்டு வரும்வரை காத்திருக்காமல் குடியிருப்போர் சொல்வதைக் கேட்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககக் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீக்கு 72 பேர் பலியாவதற்கு முன், தீப் பாதுகாப்பைப் பற்றி அங்கிருந்தவர்கள் எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அந்தக் கட்டடம் கைவிடப்பட்டுக் கிடந்ததல்ல என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். முந்தைய ஆண்டுதான் பெரும் செலவில் மேம்படுத்தி முடித்திருந்தார்கள். தீயைப் பரப்பியது அந்த மேம்பாட்டில் ஒட்டிய வெளியுறைத் தகடுதான்.

ஓதத்தின் கதையும் இப்படியே. சுவரில் கரும்பூஞ்சை என்று புகார் போனால், அதிகம் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள் என்று பதில் வரும். வாழ்க்கை முறையைக் குற்றம் சொல்லாதீர்கள் என்று வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் 2021இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ரோச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்து இறந்த குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம், 2025 அக்டோபரில் முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்துள்ள பழுதை 24 மணி நேரத்தில் கவனிக்க வேண்டும். கடுமையான ஓதத்தையும் பூஞ்சையையும் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். காலக்கெடு வந்துவிட்டது, கெடுவைக் காப்பாற்றப் போதுமான பழுதுபார்ப்புத் தொழிலாளர்கள் எங்கே என்பதுதான் இப்போதைய கேள்வி. கவுன்சில்கள் தம் சொந்தப் பணியாளர்களைக் கலைத்து ஒப்பந்தக்காரர்களிடம் விட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்போது தெரிகிறது.

மாற்று வழி உண்டு என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நியூகாசிலின் பைக்கர் பகுதியைப் புதிதாகக் கட்டியபோது, கட்டடக்கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கினின் குழுவினர் அங்கேயே, ஈமச்சடங்கு நடத்துபவரின் பழைய கடையில் அலுவலகம் திறந்தார்கள். கதவு தெருவைப் பார்த்திருந்தது. வரைபடத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஒழுகும் குழாயைப் பற்றியும் பேசினார்கள். (அப்படியிருந்தும் பழைய குடும்பங்களில் பெரும்பாலானவை சிதறிப்போயின. கட்டும் வேலை அத்தனை ஆண்டுகள் இழுத்தது. அதை மறைத்து பைக்கரைப் புகழக் கூடாது.) சிதறாமல் செய்யலாம் என்பதைப் பிரான்சின் போர்தோ காட்டியது. லக்கத்தோனும் வாசாலும் தம் சக கட்டடக்கலைஞர்களோடு, 1960களின் மூன்று அடுக்ககங்களில் 530 வீடுகளுக்கும் வெளிப்புறமாகக் கண்ணாடித் தாழ்வாரம் சேர்த்தார்கள். ஒவ்வொரு வீடும் விரிந்தது, வெளிச்சம் கூடியது, வேலை நடந்தபோதும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள்.

புதிதாகக் கட்டவே வேண்டாம் என்று இவ்விதழ் சொல்லவில்லை. நார்விச் நகரக் கவுன்சிலின் கோல்ட்ஸ்மித் தெருவில் சுமார் நூறு வீடுகள் தாழ்ந்த வரிசைகளாக, சூடாக்கும் செலவு மிகக் குறைந்தவையாக எழுந்து 2019இல் ஸ்டர்லிங் பரிசு பெற்றன. அப்படிக் கட்ட வெற்றிடம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. பெரும்பாலான கவுன்சில்கள் இன்று தேடுவது எஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கும் இடங்களை: பாழடைந்த கார் கொட்டகை, துணி உலர்த்தும் முற்றம், பெயரில்லாத புல்தரை. கொட்டகை போவதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. புல்தரையில் கை வைத்தால் எதிர்ப்பு வரும், வருவது நியாயமும்கூட. அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் மைதானம்.

இத்தகைய இடைநிரப்புத் திட்டங்களைப் பற்றிய கட்டுரைகள் இவ்விதழுக்கு நிறைய வருகின்றன. புது வீட்டின் உட்புறப் படங்கள் தாராளமாக இருக்கும். அடுத்த இதழிலிருந்து இன்னும் இரண்டைக் கேட்கப்போகிறோம். ஒன்று, பக்கத்துப் பழைய அடுக்ககத்தின் தரைத்தள சன்னலில் குளிர்கால வெயில் முன்பு எவ்வளவு விழுந்தது, இப்போது எவ்வளவு விழுகிறது என்ற படம். மற்றொன்று, அதே அடுக்ககத்தின் கடைசி ஐந்தாண்டுப் பழுதுப் பதிவேடு.