வா... வாங்க!

கடந்த பொங்கலுக்குக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து என் தந்தையார் எங்கள் அல்சூர் வீட்டிற்கு வந்திருந்தார். என் எட்டு வயது மகள் ஓடிவந்து, "தாத்தா, உக்காரு" என்றாள். கொங்குநாட்டுக்காரர், தவழும் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிறவர். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குற்றம் குழந்தையுடையதன்று. காலை முதல் இரவு வரை எங்கள் வாயிலிருந்து அவள் கேட்கும் தமிழ் இவ்வளவுதான்: எழுந்திரு, பல் விளக்கு, சாப்பிடு, படி, தூங்கு. மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலம். அவளுக்குத் தாய்மொழி என்பதே ஏவல் ஒருமை என்றாகிவிட்டது.

மாடியில் குடியிருந்த இளைஞர் குருமடத்தில் இலத்தீன் படித்தவர். அவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். இலத்தீனில் ஒருவரை அழைக்க 'வேனி', பலரை அழைக்க 'வெனீத்தே' என்றார். அந்தப் பன்மை எண்ணிக்கைக்கு மட்டுமே, மரியாதைக்கு அன்று. பழைய ரோமாபுரியில் சீசரையே ஒருமையில்தான் அழைத்தார்களாம்! 'வராதே' என்று சொல்ல, 'வர விரும்பாதே' என்று சுற்றி வளைக்க வேண்டுமாம். நமக்கோ ஒரே சொல். 'நட', 'வா' என்று வினைப்பகுதியே ஏவலாக நிற்பதை நன்னூல் 23 சொற்களில் காட்டிவிடுகிறது. அதன்மேல் ஓர் 'உங்கள்' சேர்த்தால் மரியாதையும் வந்துவிடும். வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அந்நியர் புத்தகம் வைத்துப் படித்த மொழி, நம் வீட்டுக் கூடத்தில் பாதியாய் நிற்கிறது.

கன்னடத்திலும் நம் கதை இதுவே. 'பா' என்றால் வா. 'பன்னி' என்றால் வாருங்கள். ஊரிலிருந்து வந்த உறவினர் 'பன்னி' கேட்டு முகம் சிவந்த கதை எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் நாம் செய்வது சிரிப்புக்குரியதன்று. 'கொடு' இரு மொழிக்கும் பொது. நாக்கில் தானாக வருகிறது. ஒருநாள் சந்தையில் வயதான பூக்காரம்மாவிடம் "ஹூவு கொடு" என்றேன். யாரிடம் 'கொடு' என்கிறாய் என்று கன்னடத்தில் திருப்பிக் கேட்டார். 'கொடி' என்றிருக்க வேண்டும். ஓர் உயிரெழுத்துக்காக அன்று நான் பட்ட வெட்கம் கொஞ்சமன்று.

நம் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்புகள் அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடிக்குத் தாவுகின்றன. அதுவும் பெரும்பாலும் ஒருமை ஏவலும் விலக்கும்தான். ஒளவைப்பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது, அவருக்குத் தகும். பிள்ளைகள் பெரியவர்களிடம் பேசுவதற்கு அது போதாது. ஆகவே வகுப்பில் முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் ஆசிரியரை ஏவட்டும் என்பேன்: எழுந்திருங்க, கதவைத் திறங்க, மெதுவா எழுதுங்க. ஒழுங்கு கெடும் என்று ஒரு நண்பர் பயப்படுகிறார். கொஞ்சம் கெடட்டுமே.

எங்கள் வீட்டில் இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் ஏவும் உரிமை மகளுக்கு. 'ங்க' விட்டுப்போனால் நாங்கள் அசையமாட்டோம். நேற்று கிரிக்கெட்டில் கடைசி ஓவர். "அப்பா, டி.வி.யை நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.