பூனைக்கும் ஒரு காப்பகம்: வேலூர் வட்டார ஜமாஅத்கள் யோசிக்க வேண்டிய நேரம்

தெருநாய்கள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகள் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டன. ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கேயே விடாமல் காப்பகங்களுக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது.

இதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். காட்பாடி பெரிய ரயில் சந்திப்பு. வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் சி.எம்.சி. மருத்துவமனை. உத்தரவு குறிப்பிடும் இடங்கள் அத்தனையும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. பிடிக்கும் பிராணிகளை வைத்துப் பராமரிக்க இடம், மருத்துவர், உணவு, ஆட்கள் எல்லாம் வேண்டும். ஆக, காப்பகம் என்ற சொல் இனி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்திலும் அடிக்கடி காதில் விழப்போகிறது.

இந்த விவாதம் முழுவதும் நாயைச் சுற்றியே நடக்கிறது. பூனையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் நம் முஹல்லாக்களில், நம் வீட்டுத் திண்ணையில், பள்ளிவாசல் ஹவ்ளுக்குப் பக்கத்தில், இறைச்சிக் கடை வாசலில் நாம் அன்றாடம் பார்ப்பது பூனையைத்தான். ஆகவே முஸ்லிம் சமூகம் இதைத் தன் பிரச்சினையாக எடுத்துப் பேச வேண்டும் என்று கருதுகிறோம்.

காப்பகத்தின் வேலை எது?

காப்பகம் என்றால் கூண்டுகள் நிறைந்த கொட்டகை என்றே பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, அடிபட்ட பிராணிகளைத் தூக்கி வந்து சிகிச்சை தருவதோடு நிற்கவில்லை. 1964இலேயே நாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. கொல்வதால் எண்ணிக்கை குறையாது, பிறப்பைக் கட்டுப்படுத்தினால்தான் குறையும் என்பது அவர்களின் வாதம். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. பின்னர் 2001இல் மத்திய அரசு அதையே விதியாக்கியது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகள், தெருப் பிராணிகளைச் 'சமூகப் பிராணிகள்' என்று அழைத்து, அவற்றின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாக வைத்திருக்கின்றன.

பூனை விஷயத்தில் இந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. ஒரு பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினை பிடித்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று, ஒவ்வொன்றிலும் நான்கு குட்டிகள் என்று வைத்தால், ஒரு வீட்டில் தொடங்கிய கணக்கு இரண்டே வருடத்தில் தெருவை நிறைத்துவிடும். இத்தனைக்கும் கூண்டு கட்டி மாளாது. காப்பகம் தன் சுவருக்கு வெளியே வந்து, தெருத்தெருவாகக் கருத்தடை முகாம், தடுப்பூசி, தத்துக் கொடுத்தல், பள்ளிப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு என்று இயங்கினால்தான் பலன் கிடைக்கும்.

துருக்கியைப் பாருங்கள். இஸ்தான்புல்லின் பூனைகள் உலகப் புகழ் பெற்றவை. ஹாகியா சோபியாவில் வாழ்ந்த 'கிலி' என்ற பூனை 2020இல் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. அங்குள்ள மாநகராட்சி நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தைத் தெருக்களுக்கே அனுப்புகிறது. அதே துருக்கிதான் 2024 ஜூலையில் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சட்டம் இயற்றி, பெரும் எதிர்ப்பையும் சந்தித்தது. பிராணிகளை நேசிக்கும் ஊரிலும் ஒழுங்கான திட்டம் தளர்ந்தால் கடைசியில் கூண்டுதான் தீர்வாக முன்வைக்கப்படும் என்பதை இதிலிருந்து விளங்கலாம்.

மார்க்கம் வைத்திருக்கும் அளவுகோல்

பூனையைப் பட்டினி போட்டுச் சாகவிட்டதற்காக ஒரு பெண் வேதனைக்கு ஆளானதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸ் அது. அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பெண் பூனையை அடைத்தும் வைத்தாள், உணவும் தரவில்லை, வெளியே விட்டுப் பூச்சி புழுக்களைத் தின்னவும் விடவில்லை. அடைத்து வைப்பவர் மீது உணவுப் பொறுப்பு வந்துவிடுகிறது என்பதே இதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த சட்டம்.

இந்த அளவுகோலை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். உணவுக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்காமல் பிராணிகளை அடைக்கும் காப்பகமும் அந்தப் பெண்ணின் வீட்டைப் போன்றதுதான். ஆசைக்குப் பாரசீகப் பூனை வாங்கிவிட்டு, உம்ராவுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது பூட்டிய வீட்டில் விட்டுச் செல்பவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், பிராணிகளுக்கு மனிதன் மீதுள்ள உரிமைகளைத் தனியே பட்டியலிடும்போது, முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத பிராணிக்கும் உரிமையாளர் செலவு செய்தாக வேண்டும் என்று எழுதினார்.

நம் முன்னோர்கள் இதை நிறுவனமாகவும் ஆக்கினார்கள். எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவுக்கு வெளியே ஒரு தோட்டத்தையே பூனைகளுக்காக வக்ஃப் செய்தார். அந்த நிலம் கைமாறிப் போன பிறகும், காஜியின் பொறுப்பில் அஸர் நேரத்தில் பூனைகளுக்கு உணவு வைக்கும் வழக்கம் தொடர்ந்ததாக 19ஆம் நூற்றாண்டில் அங்கு தங்கியிருந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் நிலைத்த தர்மம் அது.

கருத்தடை கூடுமா?

காப்பகத் திட்டத்தைப் பற்றிப் பேசினால் நம் மக்கள் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். படைப்பில் கை வைப்பதாகாதா என்ற தயக்கம் ஈமானிலிருந்து வருவது; அதை எள்ளிப் பேசக் கூடாது.

ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு ஒரே பதில் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ அவர்கள், உண்ணப்படாத பிராணிகளுக்குக் காயடிப்பதைத் தடுக்கப்பட்டதாகவே சொல்கிறார்கள். நம் வேலூர் வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பயன் இருந்தாலோ தீங்கைத் தடுக்க வேண்டியிருந்தாலோ கூடும் என்ற நிலைப்பாடு உண்டு. ஃபதாவா ஹிந்திய்யாவில் பூனையின் பெயரைச் சொல்லியே இந்த அனுமதி வருகிறது. சமகால அறிஞர்களில் ஷேக் இப்னு உஸைமீன் அவர்களும், பூனைகள் பெருகித் தொல்லை தந்து, அறுவை சிகிச்சை அவற்றுக்குத் தீங்கு செய்யாது எனில் குற்றமில்லை, கொல்வதைவிட இதுவே மேல் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று ஃபுகஹாக்கள் கண்டது மயக்க மருந்தில்லாத காயடிப்பு. இன்று மயக்கம் கொடுத்து, தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் செய்யும் அறுவை சிகிச்சை. தீங்கு குறைந்திருக்கிறது; தடுக்கப்படும் தீங்கோ கூடியிருக்கிறது. சாக்கில் கட்டிக் குப்பை மேட்டில் வீசப்படும் குட்டிகளை ஒரு பக்கமும், ஒருநாள் சிகிச்சையை மறு பக்கமும் வைத்தால், இரு தீங்குகளில் இலேசானதை ஏற்பது என்ற சட்ட விதி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

கருத்தடை செய்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வதால் அதற்கு வலி தெரியாது. மீண்டும் மீண்டும் பிடித்து வதைக்காமல் இருக்க அது உதவுகிறது. பிராணியின் முகத்தில் சூடு போடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆட்டின் காதில் அவர்கள் அடையாளமிட்டதைக் கண்டதாக அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். இந்த வேறுபாடு நமக்கு வழி காட்டுகிறது.

நியாயமான அச்சங்கள்

பூனை வேண்டாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் அல்லர். அவர்களின் அச்சங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, சுத்தம். அபூ கதாதா (ரழி) அவர்கள் தம் உளூத் தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்து, அது அசுத்தமான பிராணி அல்ல என்ற நபிமொழியை எடுத்துச் சொன்ன சம்பவம் திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இருக்கிறது. ஆனால் பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். பள்ளிவாசல் விரிப்பில் அவை படுவதை மோதினார் எதிர்த்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உணவு வைப்பவர்கள் பள்ளியின் வாசலை விட்டு விலகி, ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் வைத்து, மிச்சத்தை அள்ளிச் சுத்தம் செய்துவிட்டால் சண்டையில் பாதி தீரும்.

இரண்டாவது, வெறிநோய். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மனிதருக்கு இது தொற்றுவது பெரும்பாலும் நாய்க்கடியால்தான். ஆனால் நோய் தொற்றிய பூனையின் கடியாலும் நகக் கீறலாலும் இது வரக்கூடும். பூனைதானே என்று மஞ்சள் பூசி விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நோய் அறிகுறி தெரிந்த பிறகு இதற்குச் சிகிச்சை இல்லை என்றே சொல்லலாம்.

மூன்றாவது, கர்ப்பிணிகள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் இருக்கலாம். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால், மலத்தை அன்றன்றே வேறு யாராவது அப்புறப்படுத்துவதும், கை கழுவுவதும், இறைச்சியை நன்றாக வேகவைப்பதும் போதுமான பாதுகாப்பு. மருமகள் கர்ப்பமானதும் பூனையைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவருவது தேவையற்றது. 1960ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றமும்கூட.

தோல் ஊர்களின் கடன்

நம் வட்டாரத்தின் செல்வம் எதிலிருந்து வந்தது? ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பதனிட்ட தொழிலிலிருந்து. அந்தச் செல்வம் கல்வியாகப் பெருகியது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. உமராபாத்தில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் எழுந்தது. அதே தொழில் பாலாற்றில் விட்ட கழிவைப் பற்றி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பும் வழங்கியது. நாய் வழக்கில் ஆகஸ்ட் 11 உத்தரவைப் பிறப்பித்த அதே இரு நீதிபதிகள்தான் அந்தத் தீர்ப்பையும் எழுதினார்கள். இரண்டு வழக்குகளும் வெவ்வேறு. ஆனால் கழிவு என்ற ஒரு புள்ளியில் நமக்கு இரண்டும் சேர்கின்றன. இறைச்சிக் கடையின் குடல், பிரியாணிக் கடையின் எலும்பு, கல்யாண மண்டபத்தின் எச்சில் இலை எல்லாம் திறந்த வெளியில் கிடக்கும் வரை நாயும் பூனையும் எலியும் பெருகத்தான் செய்யும். பிராணியைப் பிடிப்பதற்கு முன் குப்பையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பிராணிகளால் வாழ்ந்த சமூகம் பிராணிகளுக்குச் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஜமாஅத்தும் தனியாகக் காப்பகம் கட்ட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மதரஸா வளாகத்தில் கால்நடைத் துறை உதவியோடு பூனை, நாய்களுக்கான தடுப்பூசி முகாம் நடத்தலாம். முஹல்லாவில் பூனைகளுக்கு உணவு வைக்கும் பெண்களை அழைத்துப் பேசி, எத்தனை பூனைகள், எவை கருத்தடை செய்யப்பட்டவை என்று ஒரு பதிவேடு வைக்கலாம். இந்த விவரம் அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. குட்டி வேண்டும் என்பவர்களைக் கடைக்கு அனுப்பாமல் தெருக்குட்டியைத் தத்தெடுக்கச் சொல்லலாம். பூனையை விற்ற பணத்தைத் தடுக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெரும்பான்மை இமாம்கள் விற்பனையை அனுமதித்தே விளக்கம் தந்தாலும், தத்தெடுப்பதில் இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

பண விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜகாத் எட்டு வகை மனிதர்களுக்கு உரியது. அதைப் பிராணிக் காப்பகத்துக்குத் திருப்பக் கூடாது. ஸதகாவும் புதிய வக்ஃபும் அதற்கான வழிகள். தமிழக அரசு 2022-23 பட்ஜெட்டில் 'வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்' என்ற பெயரில் 20 கோடி ரூபாய் ஒதுக்கி, கைவிடப்பட்ட, காயமடைந்த பிராணிகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவுவதாக அறிவித்தது. அனைத்துச் சமூகத்தவரும் சேர்ந்த ஓர் அறக்கட்டளையை இங்கு அமைத்தால், அரசையும் மாநகராட்சியையும் உரிமையோடு அணுக முடியும். பூனைக்குச் சிகிச்சை தரும் இடத்தில் அதைத் தூக்கி வந்தவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை. இன்று அப்படிப்பட்ட இடங்கள் நாட்டுக்கே தேவைப்படுகின்றன.

உயிருள்ள எந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு வாக்களித்திருக்கிறார்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதை ஓர் இனமாகச் சேர்க்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். முதல் தீர்மானம் குப்பைத் தொட்டியைப் பற்றியதாக இருந்தாலும் சரியே. வல்ல ரஹ்மான் நமக்கு அதற்கான தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.