வீடு விற்போரும் இணையத் தரகரும்

வீடு வாங்குவோர் பலமுறை யோசித்தே வாங்குவர்; விற்போரோ பெரும்பாலும் ஏதோவொரு நெருக்கடியில் நின்றே விற்பர். மரணம், மணமுறிவு, தொழில் மாற்றம், கடன் ஆகியன ஒரு குடும்பத்தைத் தன் வீட்டை விலைக்கு விடச் செய்யும் காரணங்கள். அந்நிலையில் அவர்கள் தரகரை நாடுகின்றனர். தரகர் அவர்கள் சார்பில் நிற்கின்றாரா, தம் சார்பில் நிற்கின்றாரா என்பது மிகப் பழைய கேள்வி. அக்கேள்விக்கு இணையம் விடை கண்டுவிட்டது என்ற ஆரவாரம் சில ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியாவில் எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அடங்கியது என்பதை ஆராய்தல் வீண் வேலையன்று. எல்லாச் சேவைகளையும் கைத்தொலைபேசிக்குள் அடக்கிவிடலாம் என்று நம்பும் காலத்தில் அன்றோ நாம் வாழ்கின்றோம்!

முதலில் பழைய முறையை நோக்குவோம். இங்கிலாந்தில் கடைத்தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் தரகர், வீடு விற்றால் மட்டுமே கூலி பெறுவார். விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை என்ற அளவில் அக்கூலி அமைவது வழக்கம். மூன்று இலட்சம் பவுண் பெறுமதியான வீட்டுக்கு ஒன்றேகால் வீதம் என்று கொண்டால் 3,750 பவுண். அதன்மேல் நூற்றுக்கு இருபது வரியும் சேர 4,500 பவுண் ஆகின்றது. விற்பவர் இதனைக் கண்டு மலைப்பதில் வியப்பில்லை. ஆயினும் விற்காவிடில் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை என்ற ஆறுதல் அவருக்கு உண்டு.

தரகுப்பணம் விலையோடு சேர்ந்து உயர்வதால், தரகரும் நல்ல விலைக்காகப் பாடுபடுவார் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் பார்த்தால் இவ்வெண்ணம் தளர்கின்றது. விலை பத்தாயிரம் பவுண் கூடினால் மேற்சொன்ன தரகருக்குக் கிடைப்பது வெறும் 125 பவுண். அதற்காக இன்னும் இரண்டு கிழமை அலைவதைவிட, வந்த விலைக்கு முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதே அவருக்கு ஆதாயம். ஸ்டீவன் லெவிற், சாட் சைவேர்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் அமெரிக்காவின் சிக்காகோப் பகுதியில் நடந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கு நினைக்கத்தக்கது. தரகர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது பிறர் வீட்டைவிட ஒன்பது நாட்களுக்கு மேல் அதிகமாகக் காத்திருந்தனர். விலையும் நூற்றுக்கு 3.7 கூடுதலாகப் பெற்றனர். ஊரார் வீட்டுக்கு ஒரு பொறுமை, தம் வீட்டுக்கு வேறு பொறுமை!

இக்குறையைக் காட்டியே இணையத் தரகர்கள் புகுந்தனர். அவர்களுள் முதன்மையானது பேர்ப்பிள்பிறிக்ஸ் என்னும் கொம்பனி. புறூஸ் சகோதரர் இருவரால் 2012இல் நிறுவப்பட்டு, 2014இல் பொதுமக்களுக்குச் சேவை தொடங்கியது. கடைத்தெரு அலுவலகம் இல்லை, வாடகையும் இல்லை. ஊதா நிற விளம்பரம் மட்டும் எங்கும் உண்டு. சில ஆண்டுகள் லண்டனுக்கு வெளியே 849 பவுண், லண்டனில் 1,199 பவுண் என்று ஒரே கூலி வாங்கியது. 2015 டிசெம்பரில் ஒரு பவுணுக்கு வெளியிடப்பட்ட அதன் பங்கு 2017இல் ஐந்து பவுணைத் தாண்டியது. கொம்பனியின் பெறுமதி நூறு கோடிப் பவுணுக்கு மேலாயிற்று. அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்று, அமெரிக்காவுக்கும் போயிற்று. 2019இல் இரண்டிலிருந்தும் திரும்பிவிட்டது. 2023இல் முழு வணிகமும் ஸ்ட்ரைக் என்னும் மற்றோர் இணையத் தரகுக் கொம்பனிக்கு ஒரேயொரு பவுணுக்குக் கைமாறியது. ஒரு வீட்டின் வாயிற்கதவுகூட அவ்விலைக்குக் கிடையாது.

பங்குதாரரின் நட்டம் நம் கவலையன்று. வீடு விற்றவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே ஆராய வேண்டியது.

இணையத்தால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. வீட்டைப் பார்க்க வருவோர் இரவு பதினொரு மணிக்கும் நேரம் குறித்துக்கொள்ளலாம். வாங்குபவர் கூறும் விலையை விற்பவர் தம் கண்ணாலேயே காணலாம். இடையில் நிற்பவர் மறைக்கவோ திரிக்கவோ வழியில்லை. இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆனால் கூலி எப்போது கொடுக்கப்படுகின்றது என்ற ஒரு சிறு மாற்றம் இந்நன்மைகளையெல்லாம் விழுங்கிவிட்டது. வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி கொடுத்தேயாக வேண்டும் என்பது இணையத் தரகின் அடிப்படை விதி. அதாவது, வீட்டை விற்பதற்கன்று, விற்பனைக்கு உண்டு என்று அறிவிப்பதற்கே பணம். அறிவித்த அன்றே கூலி கைக்கு வந்தபின், அதே வீட்டுக்காக மேலும் உழைக்கத் தரகருக்குத் தூண்டுதல் யாது? கடைத்தெருத் தரகர் அவசரப்பட்டார் என்றால், இணையத் தரகர் உறங்கிவிடலாம்.

கூலியைப் பின்னர் செலுத்தும் வழியும் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு முடிச்சும் இருந்தது. அது உண்மையில் ஒரு கடன் உடன்படிக்கை. வீடு விற்றாலும் இல்லாவிட்டாலும் பத்தாம் மாதத்தில் கொடுத்துத் தீர்க்க வேண்டும். மேலும் கொம்பனி காட்டும் சட்டத்தரணியையே அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்திருந்தது. இத்தகைய கொம்பனிகளின் விளம்பரங்கள் மக்களை மயக்குவன என்று அந்நாட்டின் விளம்பரக் கண்காணிப்புச் சபை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தீர்ப்பளித்தது.

எத்தனை வீடுகள் உண்மையில் விற்கப்பட்டன? 2018இல் ஜெஃப்ரீஸ் என்னும் முதலீட்டு நிறுவனம், பேர்ப்பிள்பிறிக்ஸ் ஏற்ற வீடுகளுள் பத்து மாதத்துக்குள் விற்று முடிந்தவை பாதிக்குச் சற்றே அதிகம் என்று கணக்கிட்டது. கொம்பனி அதனை மறுத்து, முக்கால் பங்குக்கு மேல் என்றது. ஒரு சாரார் உறுதி முடிந்த வீடுகளை எண்ணினர். மறுசாரார் விலை பேசப்பட்ட வீடுகளை எண்ணினர். இரண்டுக்குமிடையே உள்ள தூரத்திலேதான் விற்பவரின் துயரம் முழுவதும் கிடக்கின்றது.

இங்கிலாந்தின் சட்டத்தை அறியாதார்க்கு இது விளங்காது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. வாய்ப்பேச்சை நம்பி எவரும் வீட்டைக் காலி செய்வதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் விலை ஒப்புக்கொண்டபின் ஒப்பந்தம் பரிமாறப்படும்வரை பல வாரங்கள், மாதங்களும் கழிகின்றன. அதுவரை எத்தரப்பும் விலகலாம். வாங்குபவர் தம் பழைய வீட்டை விற்றுத்தான் இதனை வாங்க வேண்டும். அவ்வீட்டை வாங்குபவர் வேறொன்றை விற்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அனைத்தும் வீழும். ஆகவே தரகரின் மெய்யான உழைப்பு விலை பேசியபின்பே தொடங்குகின்றது. சட்டத்தரணியைத் தொலைபேசியில் விரட்டுதல், வங்கியின் மதிப்பீட்டாளரை வரவழைத்தல், மனந்தளர்ந்தவரைத் தேற்றுதல் ஆகியன படம் எடுத்து இணையத்தில் இடுவதைப்போல மலிவாக முடிபவையல்ல. ஒரே முகவரின் தலையில் வீடுகளைக் கணக்கின்றிச் சுமத்தும்போது முதலிற் கைவிடப்படுவதும் இவ்வேலையே.

எனவே சீர்திருத்தம் கணினியில் தொடங்க வேண்டியதன்று. கூலியில் தொடங்க வேண்டும். படத்துக்கும் அறிவிப்புக்கும் ஆகும் செலவைச் சிறு தொகையாக முதலிற் பெறலாம். எஞ்சியதை உறுதி கைமாறும் நாளிலேயே பெற வேண்டும். பேர்ப்பிள்பிறிக்ஸ் 2021இல் விற்காவிடிற் பணம் திரும்பும் என்று உத்தரவாதம் தந்து, தனித்தியங்கிய முகவர்களைச் சம்பளத்துக்கும் அமர்த்தியது. நோய் முற்றியபின் வந்த மருந்து அது. கைமாறியபின் வீட்டை இலவசமாகவே விற்றுத் தருவதாக அறிவித்தது; வருவாயோ ஈட்டுக்கடன் தரகிலும் சட்டச் சேவையிலும் தேடப்பட்டது. இம்முறையை நான் ஐயத்தோடு நோக்குகின்றேன். வாங்குபவருக்குக் கடன் ஒழுங்கு செய்து இலாபம் பெறுபவர், அக்கடனை நாடாத வேறொருவர் கூறிய உயர்ந்த விலையை அதே ஆர்வத்தோடு விற்பவரிடம் கொண்டுவருவாரா?

அடுத்ததாக, ஒவ்வொரு தரகரும் தாம் ஏற்ற வீடுகள் எத்தனை, உறுதி முடிந்தவை எத்தனை, கேட்ட விலைக்கும் பெற்ற விலைக்கும் வேறுபாடு என்ன என்பவற்றை ஒரே அளவுகோலால் ஊர்வாரியாக வெளியிடச் செய்தல் வேண்டும். காணிப் பதிவகம் விற்ற விலைகளை ஏற்கெனவே வெளியிடுகின்றது. இதற்குப் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. றைற்மூவ் போன்ற பெருந்தளம் தனியார் விற்பனையாளரை நேரே ஏற்பதில்லை. தரகர் வழியாகவே ஏற்கின்றது. வாயிலைக் காப்பவர்களுக்கு இப்பொறுப்பைச் சுமத்துவதில் அநீதி எதுவும் இல்லை.

வீட்டின் குறைநிறைகளை விற்பனைக்கு முன்பே எழுத்தில் வைப்பது மற்றொன்று. ஸ்கொத்லாந்தில் 2008 டிசெம்பர் முதல் வீட்டறிக்கை கட்டாயமாக உள்ளது. இங்கிலாந்து 2007இல் அதுபோன்ற ஒன்றைத் தொடங்கி, 2010இல் கைவிட்டது. 2025 ஒக்டோபரில் பிரித்தானிய அரசு, விபரங்களை முன்கூட்டியே வெளியிடுதல், விலகுவோரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், தரகருக்குக் கட்டாயத் தகுதி என்னும் யோசனைகளைப் பொதுமக்கள் கருத்துக்கு முன்வைத்தது. தகுதி குறித்து அவ்வரசு கேட்டது நன்று. விற்காத வீட்டுக்கு எவ்வாறு கூலி வாங்கலாம் என்பதையும் அத்தாளிலேயே கேட்டிருக்கலாம்.