ஆற்று மணலும் கடலாமையும்

அரூர் கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள ஊர். ஆயினும், அதன் பக்கத்தே ஓடும் வாணியாறு சேர்வராயன் மலையில் தோன்றித் தென்பெண்ணையொடு கலக்கின்றது. தென்பெண்ணை கடலூர்க்கு அருகே வங்கக் கடலை அடைகின்றது. ஆதலின், அக்கரையை நாடி வரும் உயிர்களுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது பொருந்தாது.

தமிழகக் கடற்கரைக்குத் தை முதல் பங்குனி வரை ஒருவகைக் கடலாமை முட்டையிட வருகின்றது. அதனைப் பங்குனி ஆமை என்பர். அஃது இரவிற் கரையேறி, ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்கு மீளும். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையிட்டு மறைத்தலை அகநானூறும் கூறுகின்றது.

தாய் சென்றபின் மணலே செவிலியாகின்றது. மணலின் வெப்பமே முட்டையைப் பொரிக்கின்றது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அதுவே முடிவு செய்கின்றது. வெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியசு ஆயின் இருபாலும் பிறக்கும். அதனின் மிகின் பெண்ணே பெருகும். மேலும் மிகின் கருவே அழியும். நிலக்கரியையும் எண்ணெயையும் அளவின்றி எரித்தலால் உலகின் வெப்பம் உயர்ந்து வருகின்றது. கடல்மட்டமும் உயர்தலால் அலைகள் கரையை அரிக்கின்றன. ஆமை உள்ளே நகர்ந்து முட்டையிடலாமெனின், கட்டடங்களும் கருங்கற் சுவர்களும் வழி மறிக்கின்றன.

அரிக்கப்பட்ட கரையை மீண்டும் நிரப்புவது ஆறு கொணரும் மணலன்றோ? தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டப்பெற்ற சாத்தனூர் அணை அம்மணலில் ஒரு பகுதியைத் தடுக்கின்றது. உழவுக்கு நீர் தரும் அணையைக் குறை கூறுதல் முறையன்று. ஆனால், ஆற்றில் எஞ்சிய மணலையும் வண்டி வண்டியாக அள்ளி விற்பதற்கு என்ன நியாயம் உண்டு? மணல் குறையின் ஆமைக்கு மட்டுமா கேடு? ஆற்றோரக் கிணறுகளின் நீரும் தாழும். நம் பயிரும் வாடும்.

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து, ஆமை முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகங்களிற் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வனத்துறையும் அப்பணி செய்கின்றது. இவை போற்றத்தக்கன, எனினும் இவை மட்டும் போதா. இன்று கடலில் விட்ட குஞ்சு பல்லாண்டு வளர்ந்து, முட்டையிட மீளுங்கால், கரையே இல்லையாயின் அவ்வுழைப்பால் யாது பயன்?

மாணவர்களே! கடலோரத்தார் முட்டையைக் காக்கட்டும். உள்நாட்டாராகிய நாம் ஆற்றைக் காப்போம். அடக்கத்திற்கு ஆமையை உவமை காட்டினார் வள்ளுவர். அவ்வடக்கம் மணல் அள்ளும் கைகளுக்கும் வேண்டும்.