காஞ்சனா பாவமா?

சென்ற முறை ஊருக்குப் போனபோது சித்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கி, அங்கிருந்து அவரையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதி போனேன். திருச்சானூரில் பத்மாவதி தாயார் தரிசனத்துக்கு வரிசையில் நின்றபோது நடிகை காஞ்சனாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "பாவம், கல்யாணமும் இல்லை. இருந்த சொத்தையும் சாமிக்கே எழுதிட்டா" என்றார் பெரியம்மா.

அந்தப் 'பாவம்' என்னை உறுத்தியது.

வசுந்தரா தேவி என்ற விமானப் பணிப்பெண்ணை ஸ்ரீதர் 1964-இல் 'காதலிக்க நேரமில்லை'யில் காஞ்சனாவாக அறிமுகப்படுத்தினார். பிறகு 'அதே கண்கள்', 'சிவந்த மண்' என்று தமிழிலும் தெலுங்கிலும் எத்தனையோ படங்கள். உழைத்துச் சேர்த்த சொத்துக்காக உறவினருடன் வழக்காட வேண்டிவந்தது. மீட்டபின், சென்னை தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் பல கோடி பெறும் இடத்தை 2010-இல் அவரும் சகோதரியும் திருப்பதி தேவஸ்தானத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே எழுந்த பத்மாவதி தாயார் கோயிலுக்கு 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. இடையில் 2017-இல் 'அர்ஜுன் ரெட்டி'யில் பாட்டியாகவும் நடித்தார்.

இதையே ஓர் ஆண் செய்திருந்தால் வள்ளல் என்றிருப்போம். நம் வீடுகளிலும் மணமாகாத அத்தைகள் உண்டு. அவர்கள் பெயரில் ஊரில் ஒரு மனை இருந்தால் போதும், "யாருக்கு எழுதப்போறாங்களாம்?" என்று இங்கிருந்தே போனில் விசாரிக்கிறோம். (நானும் விசாரித்திருக்கிறேன்.) அவர்கள் சம்பாதித்தது, அவர்கள் இஷ்டம்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதே கண்கள்ல எவ்வளவு அழகா இருப்பா, தெரியுமா?" என்றபடி வரிசையில் முன்னே நகர்ந்தார்.