புதிய இசைத்தட்டு விலைக்குப் பெறுமா?

கிராமபோன் இசைத்தட்டு மறுபடியும் சந்தைக்கு வந்திருக்கிறது. 1987-க்குப் பிறகு முதல் தடவையாக, 2022-ல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் அதிகம் விற்றன: தட்டு 4 கோடியே 10 லட்சம், குறுந்தகடு 3 கோடியே 30 லட்சம். கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்தான். காசு கொடுப்பவனுக்குக் கிடைப்பது என்ன?

மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் கதையைப் பாருங்கள். மூல ஒலிநாடாவிலிருந்து நேரே பதித்தது என்று வாங்குவோரை நம்பவிட்டு, உயர்ரகத் தட்டொன்றை 125 டாலருக்கு விற்றது. இடையிலே டிஜிட்டல் பதிவு புகுந்திருந்த சங்கதி 2022 ஜூலையில் அம்பலமாயிற்று. வழக்கு வந்தது, நஷ்டஈடு தரக் கம்பெனி இசைந்தது. வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் ஒலி தங்கள் காதுக்கு ஆகாது என்று சொல்லிவந்த ரசிகர்களே அந்தத் தட்டுகளைப் பல ஆண்டுகளாகப் புகழ்ந்து வந்தார்கள்! அப்படியானால் அந்த 125 டாலர் எதற்கு? ஒலிக்கா, உறைமேல் இருந்த பெயருக்கா?

சந்தா நின்றதும் மறைந்துபோகும் பாட்டைப்போல் அல்ல, தட்டு வீட்டிலேயே இருக்கும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்பதை உறையிலே அச்சிடும்படி ஒவ்வொரு கம்பெனியையும் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, டிஜிட்டல் வருமுன் அடித்த பழைய தட்டு, கீறலில்லாமல் மலிவாகக் கிடைத்தால், அதையே வாங்கச் சொல்வோம்.