கண்டக்டர் ஜோக்கும் ரெண்டு குழந்தைகளும்

"பிளக் பாயின்ட்டுல விரலை விட்ட குட்டிப்பையன் என்ன வேலைக்குப் போனான்?"
"கண்டக்டர்!"

போன வாரம் கேன்டீன்ல இந்த சயின்ஸ் ஜோக்குக்கு டேபிளே அதிர்ந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, நானும் சிரிச்சேன் :-) வீட்டுக்கு வர்ற பஸ்ல நிஜ கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தப்பதான் உறைச்சுது.

இந்த மாதிரி ஜோக் எல்லாத்துலயும் செத்தவன்தான் முட்டாள். விரலை விட்டான், போய்ச் சேர்ந்தான். கம்பியைத் திறந்து போட்டவன் கதையிலேயே வரமாட்டான்.

நான் இருக்கறது தண்டையார்பேட்டை. பக்கத்துலதான் கொடுங்கையூர். 2017 நவம்பர் 1ஆம் தேதி அங்கே மழைத்தண்ணி தேங்கின இடத்துல, தண்ணிக்குள்ள கிடந்த மின்கம்பியை மிதிச்சு ரெண்டு சின்னப்பொண்ணுங்க இறந்து போனாங்க. அப்புறம் மின்வாரியத்துல சிலரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்தக் குழந்தைங்க விரலை எங்கேயும் விடலை. தெருவுல காலை வச்சாங்க, அவ்வளவுதான். இதுல எங்கேய்யா முட்டாள்தனம்?

"டார்க் ஹியூமர் மச்சி, ரசிக்கத் தெரியாதா?"ன்னு கேக்கறவங்களே, வாங்க, சயின்ஸையே பார்ப்போம். நம்ம வீட்டு கரண்ட் 230 வோல்ட். நனைஞ்ச உடம்போட ரெசிஸ்டன்ஸ் சுமாரா 1000 ஓம்னு வச்சுக்கிட்டா, ஓம் விதிப்படி உடம்புல பாயறது 230 மில்லி ஆம்பியர். வீட்டுல மாட்டற ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கண்ணிமைக்கிற நேரத்துல லைனை வெட்டிடும். 230 எங்கே, 30 எங்கே? ஆனா அந்தக் காவல் வீட்டுக்குள்ள மட்டும்தான். தெருவுல நிக்கற பில்லர் பாக்ஸுக்குக் காவல் அதோட கதவுதான். எங்க தெருவுல அந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கு. பசங்க கிரிக்கெட் ஆடும்போது அதுதான் ஸ்டம்ப்.

டார்க் ஹியூமரே வேண்டாம்னு சொல்லலை. ஆளை மாத்தி அடிங்கன்னுதான் சொல்றேன். "மழைக்கு ஸ்கூலுக்கு லீவு விட்டாங்க, கம்பிக்கு விட மறந்துட்டாங்க." இதுவும் டார்க்தான். ஆனா இதைக் கேட்டு வெட்கப்பட வேண்டியது குழந்தை இல்லை.

உங்க தெருவுல பாக்ஸ் திறந்து கிடந்தா மின்னகத்துக்கு ஒரு போன் போடுங்க: 94987 94987. ஜோக்கை அப்புறம் சொல்லிக்கலாம்.

டிஸ்கி: அடியேன் பி.காம். ஓம் விதி பத்தாங்கிளாஸோட சரி. கணக்கு தப்புன்னா இஞ்சினியர் அண்ணன்கள் தாராளமா திட்டலாம்.